வட்டமாக எழுதிய பெயர்கள்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, ஈப்போ புந்தோங் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு சேலை, ஒரு வெற்றிலைப் பை, பிடி தேய்ந்துபோன பால் வெட்டும் கத்தி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டு. அந்தக் கட்டில்தான் அது இருந்தது. நான்காக மடித்த நீளத் தாள். நடுவில் மலாயில் ஒன்பது வரி, என் கையெழுத்து. அந்த ஒன்பது வரியைச் சுற்றிச் சக்கரம்போல 43 பெயர்கள். தாளைச் சுழற்றிச் சுழற்றித்தான் படிக்க முடியும். பெயர் எழுதத் தெரியாத 14 பேர் ஊதா மையில் பெருவிரலை அழுத்தியிருந்தார்கள். எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் இருப்பதற்காகவே அது அப்படி எழுதப்பட்டது.

எழுதச் சொன்னவர் என் தாத்தா. 1993ஆம் ஆண்டு, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்தில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வரிசையா எழுதாத தாயி. வரிசையா எழுதுனா மொதப் பேருக்காரன மொதல்ல புடிச்சுக்கிட்டுப் போவான். வட்டமா எழுது."

எனக்கு அப்போது 18 வயது. அது ஒரு கிழவரின் வீண் பயம் என்றுதான் நினைத்தேன். பிறகு இந்தப் பேராக் மாநிலத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்கத்தான் அந்தப் பயத்துக்குத் தேதியும் இடமும் இருப்பது தெரிந்தது.

தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து 1937இல் கப்பல் ஏறியவர். அடுத்த ஆண்டே, மலாயாவுக்குக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. வாசல் மூடுவதற்குள் கடைசியாக நுழைந்தவர்களில் ஒருவர் அவர். அவர் வந்தபோது பேராக் ரப்பருக்கு அறுபது வயது. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் இன்றும் அங்கே வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மூன்று முறை போயிருக்கிறேன். மரத்துக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதன் வழித்தோன்றல்களைச் சீவியவர்களுக்கு அப்படி ஒரு பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் காலம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு தோட்டங்களில் சங்கம் வந்தது. தாத்தா அதில் சந்தா வசூலித்தவர். ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய்க் காசு வாங்கி ரசீது கிழித்துக் கொடுப்பார். தோட்டத்தில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்கு எழுதிக் கொடுத்த முதல் காகிதம் அந்த ரசீதாகத்தான் இருக்கும். அதற்கு முன்பு காகிதம் என்றாலே தோட்டத்துக் கணக்கரான கிராணியிடமிருந்து வருவது, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் நாள் வெட்டியதைச் சொல்வது.

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கே பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரண்டு வெள்ளையர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஜூலை 31 ஆனது. கொன்றவர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். விளைவைச் சுமந்தவர்களில் சந்தா ரசீது வைத்திருந்த பால்மரத் தொழிலாளிகளும் உண்டு. அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பு அந்த மாதமே தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இருவருமே தமிழர்கள். தாத்தா அந்த இரண்டு பெயர்களையும் வீட்டுக்குள் மட்டுமே சொல்வார், அதுவும் குரலைத் தாழ்த்தி.

"ரசீதுப் பொஸ்தகத்த அடுப்புல போட்டேன்" என்பார். "ஒங்க பாட்டி அதுலதான் கஞ்சி காச்சினா."

எங்கள் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. ஆறு மணிக்கு மேல் வெளியே போக முடியாது. அரிசிக்கு அளவு. வெட்டுக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாலும் கேள்வி. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் மக்களின் பேச்சே மாறிவிட்டது என்பது என் எண்ணம். கூட்டம் என்ற சொல்லைக் கேட்டால் கதவு சாத்தினார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் யாராவது ஒருவர், "நமக்கு எதுக்கு வம்பு" என்று கிளம்பிவிடுவார். நான் பிறந்து வளர்ந்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அரசியல் அறிவு கிடையாது, தண்ணியைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள் என்று நகரத்துப் படித்தவர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் அடுப்பில் போட்ட ரசீதுப் புத்தகத்தைக் கணக்கில் எடுத்ததில்லை.

ஈப்போ நகரத்தின் கதை வேறு மாதிரி. அங்கே பேச்சு நிற்கவில்லை. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தபோது தமிழர் சீர்திருத்த மாநாடு நடந்தது ஈப்போவில்தான். 1946இல் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர் ஜான் திவி ஈப்போக்காரர். 1953இல் தொடங்கி, சீனிவாசகம் சகோதரர்கள் வளர்த்தெடுத்த முற்போக்குக் கட்சி, ஈப்போ நகராட்சியைத் தேர்தலில் வென்று நடத்தியது. டி. ஆர். சீனிவாசகம் 1969 மார்ச்சில் இறந்தார். ஏழைகளுக்காக நீதிமன்றம் ஏறிய வழக்கறிஞர் என்று ஈப்போ சீனர்களும் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நகரத்துப் பூங்கா ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவரை வளர்த்த நகராட்சித் தேர்தல் இன்று இல்லை. 1965இல் நிறுத்தினார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாகப் புதைத்தது. தெருவிளக்கு எரியாததற்கு யாரை ஓட்டுப்போட்டு இறக்குவது என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது பெரிய இழப்பு.

சுங்கை சிப்புட்டுக்கே சொந்தமான இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். துன் வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் தேதி அந்த ஊரில் பிறந்தவர். அவருடைய இருபத்தொன்பதாவது பிறந்த நாளில்தான் அவர் ஊரிலேயே எல்பில் துப்பாக்கி வெடித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளிகளே தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பங்கு இருந்தது. பாட்டி தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினார். அந்தச் சங்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் தலைவர் மேடையிலிருந்து கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். கேட்கிற இடத்துக்கு மக்களே வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தாத்தாவுக்குச் சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான். 1969க்குப் பிறகு அப்படிப்பட்டவர்களுக்கு வேலை பெர்மிட் என்ற சட்டம் அமலாகி, பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். தாத்தா எப்படியோ தப்பி இங்கேயே இருந்துவிட்டார். ஐம்பத்தொன்பது ஆண்டுகள் பேராக்கில் வாழ்ந்து, ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமல் 1996இல் இறந்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் லயத்துக்கு மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருவதாகச் சொன்னார்கள். பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. தொட்டில் கட்டிய கயிறுகள் தொங்கிக்கொண்டிருக்கும், சிறுநீர் வாடை போகாது. மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். எனக்கு அங்கேதான் பின்னக் கணக்கு புரிந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். பின்னம் நடத்தும் ஒவ்வொரு முறையும் அந்த அக்கா ஒரு ரொட்டியை எட்டாகப் பிய்த்துக் காட்டியது நினைவுக்கு வரும். பிய்த்த துண்டுகளை எங்களுக்கே சாப்பிடக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்போது அம்மாக்கள் வாசலில் வந்து உட்காருவார்கள். மெல்ல மெல்லப் பேச்சு கூலிக்குத் திரும்பும். மழை பெய்தால் ஏன் கூலி இல்லை என்று ஒரு நாள் அந்த அண்ணன் கேட்டார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் வெட்டின தடத்தில் நிற்காமல் மரமெங்கும் வழிந்து, மங்குக்கு வந்து சேராது. அதனால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல. "மேனேஜருக்கு மழ நாளுக்குச் சம்பளம் உண்டா?" என்று அவர் அடுத்துக் கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மா தூங்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பின்னாளில் தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று எழுந்த போராட்டத்தை நான் இந்தத் திண்ணைப் பேச்சிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் காலத்தில் பேராக்கில் இப்படித் தோட்டம் தோட்டமாகப் போனவர்கள் பிறகு 'அலைகள்' என்ற அமைப்பாக அறியப்பட்டார்கள். அவர்களோடு இருந்தவர் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ், ஈப்போவில் அரசாங்க மருத்துவராக இருந்தவர். அவருடைய மனைவி ராணி ராசையாவும் சரஸ்வதி முத்துவும் இன்னும் பலரும் இருந்தார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளிலும் இதே மாதிரிக் குழுக்கள் இருந்தன. எல்லாம் சேர்ந்து பிறகு தோட்ட மக்கள் ஆதரவுக் குழு, ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமைப்பு என்று பெயர் பெற்றன. மலாயில் ஜே.எஸ்.எம்.எல்., ஜெரிட் என்பார்கள். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு நூல் எங்களைப் போன்றவர்களுக்குச் சாறு உறிஞ்சிப் போட்ட ஆரஞ்சுப் பழம் என்று பெயர் வைத்தது. தலைப்பைக் கேட்டதும் அம்மா, "சக்கையக்கூட உரமாக்கிடுவாங்க, நம்மள அதுக்கும் சேக்கல" என்றார்.

அந்தத் தோட்டங்களின் சொந்தக்காரர்கள்கூட அப்போது மாறியிருந்தார்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி மலேசியர் கைக்கு வந்தது. நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பொதுவாகத் தோட்டங்களில் லயத்துக் கூரைத் தகரம் மாறவில்லை. தண்ணீர், மின்சாரம், வீட்டு அளவு, ஆயாக்கொட்டகை எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்ற சட்டம் 1990இல்தான் வந்தது. அதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்துகொண்டிருந்தது. நகரத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வீடமைப்புக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன.

எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. 1993இல் ஒரு காலை, ஆள் கணக்கெடுக்கும் ஐந்து மணிப் பெரட்டில், விளக்கு வெளிச்சத்தில், கொட்டகைத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மலாயில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் ஆபீசில் மட்டுமே. அம்மா வீட்டுக்கு ஓடி வந்து என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். தோட்டம் கைமாறுகிறது, மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, பால் வாளிகளோடு நின்ற பெண்களில் ஒருவர் வாளியைத் தரையில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். அன்று வெட்டு நடக்கவில்லை. யாரும் வேலைநிறுத்தம் என்று அறிவிக்கவில்லை.

அன்று இரவு ஆயாக்கொட்டகையில் கூட்டம். பழைய மாணவர்களில் ஒருவர், இப்போது வேலைக்குப் போய்விட்டவர், தகவல் கேட்டு ஓடி வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த மளிகைக் கடைக் காலண்டரைக் கழற்றிப் பின்பக்கம் கணக்கு எழுதினார். 1980ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆள்குறைப்பு செய்தால் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் கூலி, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை பதினைந்து நாள், ஐந்துக்கு மேல் இருபது நாள். "அக்கா எத்தன வருசம்?" என்று அம்மாவைக் கேட்டார். 22 என்றார் அம்மா. இருபத்திரண்டை இருபதால் பெருக்கி 440 என்று பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டார். அம்மா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானூத்தி நாப்பது நாளு... அது என்னோடதா?" என்று கேட்டார். அதுவரை அப்படிப்பட்ட ஒரு கேள்வியை அம்மா கேட்டு நான் பார்த்ததில்லை. பிச்சை கேட்கிற குரல் இல்லை அது. கடையில் மிச்சக் காசை எண்ணிப் பார்க்கிற குரல்.

மனு எழுதலாம் என்று முடிவானது. இழப்பீடு, மாற்று வீடு, வீடு கிடைக்கும்வரை காலி செய்ய மாட்டோம் என்று மூன்று கோரிக்கை. யார் பெயர் முதலில் என்ற பேச்சு வந்ததும் கொட்டகை அமைதியானது. அப்போதுதான் வீட்டில் தாத்தா சொன்னதைச் சொன்னேன். ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டோம். அந்த வட்டத்தைச் சுற்றி 43 பேர் எழுதினார்கள்.

லேபர் ஆபீசில் அதைக் கொடுத்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் உங்கள் தலைவர்?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா என்னிடம், "என்னா கேக்குறாரு?" என்றார். சொன்னேன். அம்மா மேசைக்கு முன்னால் போய் நின்று, அடையாளக் கார்டை எடுத்து வைத்தார். பிறகு பின்னாலிருந்து இன்னொரு கார்டு, இன்னொன்று. அன்று வந்திருந்த பதினோரு பேரின் கார்டும் மேசைமேல் வந்துவிட்டது.

மனுவை ஐந்து நகல் எடுத்து ஐந்து இடத்துக்கு அனுப்பினோம். காலி செய்யச் சொன்ன மூன்று மாதம் இரண்டரை ஆண்டானது. இழப்பீடு வந்தது. வீடு எல்லாருக்கும் வரவில்லை. 19 குடும்பத்துக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. மற்றவர்கள் சுங்கை சிப்புட், செம்மோர், ஈப்போ என்று சிதறினார்கள். நாங்கள் புந்தோங்குக்கு வந்தோம். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோயில் போனது, இடுகாடு போனது. ஆனால் அந்த 43 பேரில் யாரும் அதற்குப் பிறகு "நமக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

அந்த ஆண்டுகளில் பேராக்கில் எழுந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள் மட்டும் இல்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1984 முதல் பாப்பான், புக்கிட் மேரா மக்கள் போராடினார்கள். பெரும்பாலும் சீனர்கள். குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். 1992 ஜூலை 11ஆம் தேதி ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மறு ஆண்டு மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடிக்கொண்டது. தீர்ப்பில் தோற்றும் ஊர் ஜெயித்த அந்தச் செய்தி எங்கள் கொட்டகைக் கூட்டங்களில் அடிக்கடி வந்துபோனது.

1998இல் இந்தக் குழுக்களின் ஆட்கள் சேர்ந்து மலேசிய சோசலிசக் கட்சியைப் பதிவு செய்ய மனுக் கொடுத்தார்கள். பதிவு கிடைக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தது. அதுவரை வேறு கட்சிகளின் சின்னத்தில் நின்றார்கள். டாக்டர் ஜெயகுமார் 1999இலும் 2004இலும் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். அங்கே 1974 முதல் டத்தோ ஸ்ரீ சாமிவேலு உறுப்பினராக இருந்தார். அப்போது மஇகா என்ற மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர், நீண்டகால அமைச்சர். அவரை எதிர்த்து நிற்பதே தேவையில்லாத வேலை என்று எங்கள் சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

2007 நவம்பர் 25ஆம் தேதி இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃப் அழைப்பில் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் இந்தியர்கள் திரண்டார்கள். பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுப்பதற்காக. கண்ணீர்ப் புகையும் ரசாயனத் தண்ணீரும் அடித்தார்கள். டிசம்பரில் ஐந்து தலைவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "அவ்ளோ பேரும் நம்ம ஆளுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 2008 மார்ச் 8ஆம் தேதி தேர்தலில் டாக்டர் ஜெயகுமார் 1,821 வாக்கு வித்தியாசத்தில் சாமிவேலுவைத் தோற்கடித்தார். இண்ட்ராஃப் அலைதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அலை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 1,821இல் ஆயாக்கொட்டகைச் சாக்கில் உட்கார்ந்து கணக்குப் படித்த பிள்ளைகளும், காலண்டர் பின்பக்கத்தில் தங்கள் கூலி நாளைப் பார்த்த தாய்மார்களும் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல எந்தப் பத்திரிகைக்கும் வழியில்லை. அம்மாவின் பெயர் அப்போதும் பழைய விலாசத்தில் சுங்கை சிப்புட் வாக்காளர் பட்டியலிலேயே இருந்தது. பேருந்து பிடித்துப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

பேராக் மாநில ஆட்சியும் அன்று மாறியது. சட்டமன்ற சபாநாயகராக வி. சிவகுமார் அமர்ந்தார். பதினோரு மாதத்தில் மூன்று உறுப்பினர்கள் விலகி ஆட்சி கவிழ்ந்தது. 2009 மே 7ஆம் தேதி அவரைச் சபைக்குள்ளிருந்து இழுத்து வெளியேற்றினார்கள். அங்கியோடு இழுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பார்த்த அன்று ஈப்போவில் பலர் அழுதார்கள், நானும்.

2011 ஜூன் 25ஆம் தேதி சோசலிசக் கட்சிக்காரர்கள் முப்பது பேர் பினாங்கு கெப்பாலா பத்தாசில் கைதானார்கள். அவர்களில் ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தில் விசாரணையின்றி வைத்திருந்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினரான டாக்டர் ஜெயகுமாரும் அதில் ஒருவர். கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள் என்ற பேச்சு கிளம்பியது. 1948இல் தாத்தாவின் காதில் விழுந்த அதே சொல், அறுபத்து மூன்று ஆண்டு கழித்து. இந்த முறை யாரும் அடுப்பில் எதையும் போடவில்லை. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். ஜூலை 29ஆம் தேதி ஆறு பேரும் விடுதலையானார்கள். அந்த ஆண்டு முடிவில், அந்தச் சட்டத்தைத் தாங்கி நின்ற அவசரகாலப் பிரகடனத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது. 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி என்று அமலானது. அதே ஆண்டு தேர்தலில் டாக்டர் 2,793 வாக்கில் மறுபடி வென்றார்.

2018இல் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று தோற்றார். வைப்புத்தொகையும் போனது. மத்திய ஆட்சியை மாற்ற வேண்டும் என்ற வேகத்தில் மக்கள் எதிர்க்கட்சிக் கூட்டணிக்குப் போட்டார்கள். சேமநிதிப் பணம் முதல் மருத்துவமனைக் கட்டில்வரை அவரிடம் உதவி வாங்கியவர்களும் போட்டார்கள். இதைப் பற்றி அம்மாவும் நானும் சண்டை போட்டிருக்கிறோம். நன்றி இல்லாத ஜனம் என்றேன் நான். "அவரு நமக்கு நன்றி சொல்லச் சொல்லிக் குடுக்கல, கேக்கச் சொல்லித்தான் குடுத்தாரு. ஜனங்க வேற ஒண்ணக் கேட்டுருக்கு" என்றார் அம்மா. எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அவர் சொன்னதற்கு எதிராக எடுத்துவைக்க என்னிடம் வாதம் இல்லை. தேர்தலில் தோற்ற பிறகும் அந்த ஆட்கள் மனு எழுதுவதை நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். 2023 அக்டோபரில் செம்மோருக்குப் பக்கத்தில் கந்தானில் காய்கறி விவசாயிகளை அப்புறப்படுத்த இயந்திரங்கள் வந்தபோது குறுக்கே நின்று கைதானவர்களில் கட்சியின் துணைத் தலைவர் அருட்செல்வனும் இருந்தார். 2024இல் தோட்டத் தொழிலாளர்கள் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். அவர்கள் கேட்டது வீடு. 1993இல் எங்கள் தாளில் இருந்த இரண்டாவது கோரிக்கை.

அம்மாவின் வட்டத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 43 பேரில் 26 பேர் இறந்துவிட்டார்கள். மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கும் பேராக் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் சந்தா ரசீது, செக்ரோல் சீட்டு, காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், கைநாட்டு வைத்த மனு நகல், கூட்டக் குறிப்பு எழுதிய பள்ளி நோட்டு ஏதாவது இருக்கும். பெரியவர் இறந்ததும் பெட்டியோடு எரித்துவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, கையெழுத்துப் போட்டவர்களின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை கையில் கொடுங்கள்.